பெலிக்ஸ், செசிலி, இன்னாசி: லத்தீன் பெயர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லத்தீன் பெயர் என்று எதைச் சொல்கிறீர்கள்? கிறிஸ்தவப் பெயர் எல்லாமே லத்தீன்தானே?

இல்லை. இந்த ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொண்டாலே பாதிக் கேள்விகள் உதிர்ந்துவிடும். ஜான், ஜோசப், மேரி, ஜேம்ஸ், மைக்கேல் எல்லாம் எபிரேயம். ஜார்ஜ், பீட்டர், ஸ்டீபன், பிலிப் கிரேக்கம். சார்லஸ், ராபர்ட், வில்லியம், லூயிஸ் ஜெர்மானியம். ஆனால் இவை அத்தனையும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் லத்தீனில் பூசை வைத்து, லத்தீனில் ஞானஸ்நானப் பதிவேடு எழுதிய சபையின் வழியாக வந்தவை. அதனால் வாலில் ஒரு 'உஸ்' ஒட்டிக்கொண்டு லத்தீன் சட்டை போட்டு நிற்கின்றன. சார்லஸ் அங்கே கரோலுஸ், லூயிஸ் அங்கே லுதோவீக்குஸ். சட்டையைப் பார்த்து ஏமாறக் கூடாது.

பெயர் வந்த வழி வேறு, பெயரின் வேர் வேறு. இந்தப் பக்கத்தில் பேசப்போவது பெரும்பாலும் வேரும் லத்தீனாக இருக்கிற பெயர்களைப் பற்றி: பெலிக்ஸ், விக்டர், கிளாரா, லூசியா, பவுல், செசிலியா, டொமினிக், பெனடிக்ட், ஸ்டெல்லா இப்படி.

ரோமானியர்கள் எப்படிப் பெயர் வைத்துக்கொண்டார்கள்?

ஆண்களுக்கு மூன்று அடுக்கு. முதலாவது வீட்டில் கூப்பிடும் பெயர்: மார்க்குஸ், லூக்கியுஸ், காயுஸ் மாதிரி. இது மிகச் சின்னப் பட்டியல், குடியரசின் பிற்காலத்தில் பரவலாகப் புழங்கியது இருபதுக்கும் குறைவு. இரண்டாவது குலப்பெயர்: யூலியுஸ், கிளாவுதியுஸ், கார்னேலியுஸ். மூன்றாவது பட்டப்பெயர். சுவையான கதையெல்லாம் இந்த மூன்றாவதில்தான் இருக்கிறது, ஏனென்றால் ஊர் வாய்க்குள் புகுந்து வந்த பெயர் அது. வழுக்கைத் தலையனுக்குக் கால்வுஸ், திக்குவாயனுக்குப் பால்புஸ், குண்டனுக்குக் கிராஸுஸ், மாறுகண் உள்ளவனுக்கு ஸ்திராபோ, மூக்கனுக்கு நாஸோ. அதற்கப்புறம் அந்தப் பட்டப்பெயர் பிள்ளைக்கும் பேரனுக்கும் போய், தலை நிறைய முடி வைத்துக்கொண்டு ஒருவன் 'வழுக்கை' என்ற பெயரோடு ஊரில் நடமாடுவான். சங்கப் புலவர்களில் முடமோசியாரும் முடத்தாமக்கண்ணியாரும் இருக்கிறார்கள் அல்லவா, அதே ஊர்வாய்தான்.

ரோமானியப் பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோவின் கதை இதில் ரொம்பப் பிரபலம். 'கிகெர்' என்றால் கொண்டைக்கடலை. அவருடைய முன்னோர் ஒருவருக்கு மூக்கு நுனியில் கொண்டைக்கடலை பிளவு மாதிரி ஒரு பள்ளம் இருந்ததாம், கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். அரசியலுக்கு வந்தபோது இந்தப் பெயர் வேண்டாம், மாற்றிக்கொள் என்று நண்பர்கள் சொன்னார்களாம். மாட்டேன், இதைப் பெரிய குடும்பப் பெயர்களைவிடப் புகழ்பெற்றதாக ஆக்கிக் காட்டுகிறேன் என்றாராம். சிசிலியில் அதிகாரியாக இருந்தபோது தெய்வங்களுக்குக் காணிக்கையாகச் செய்த வெள்ளிப் பாத்திரத்தில் மார்க்குஸ், துல்லியுஸ் என்று முதல் இரண்டு பெயரை மட்டும் பொறிக்கச் சொல்லி, மூன்றாவது இடத்தில் ஒரு கொண்டைக்கடலையைச் செதுக்கச் சொன்னார் என்பதும் அதே புளூட்டார்க் சொல்வதுதான்.

பெண்களுக்கு?

பெண்களுக்குப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது என்றே சொல்லலாம். அப்பாவின் குலப்பெயரில் கடைசி 'உஸ்'ஸை எடுத்துவிட்டு 'ஆ' போட்டால் மகள் பெயர். யூலியுஸ் மகள் யூலியா. துல்லியுஸ் குலத்து சிசரோவின் மகள் துல்லியா. இரண்டு மகள்கள் இருந்தால் இருவருக்கும் அதே பெயர்தான், மூத்தவள் இளையவள் என்று பிரித்துச் சொல்வார்கள். மார்க் அந்தோணிக்கும் ஒக்டாவியாவுக்கும் பிறந்த இரண்டு பெண்களும் அந்தோனியா. மூன்றாவது பெண் பிறந்தால் தெர்த்தியா, அதாவது 'மூணாவது'. அவ்வளவுதான் அக்கறை!

இன்று உலகம் முழுக்க அழகான பெண் பெயர்களாக உலாவுகிற ஜூலியா, கிளாடியா, எமிலியா, கார்னீலியா, வலேரியா எல்லாம் இப்படிக் குலப்பெயரின் பெண்பால்தான். வலேரியாவுக்கு மட்டும் 'வலேரே', அதாவது பலமாக, ஆரோக்கியமாக இருப்பது என்ற சொல்லோடு தெளிவான உறவு உண்டு. வாலண்டைனும் அங்கேயிருந்துதான் வருகிறார், காதலோடு அந்தப் பெயருக்குச் சொல்லளவில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

மகளுக்குச் செசிலியா என்று வைத்துவிட்டோம். 'பார்வையற்றவள்' என்று அர்த்தம் போட்டிருக்கிறார்களே?

'கைக்குஸ்' என்றால் பார்வையற்றவன், அது சரி. கைகிலியுஸ் என்ற குலத்தின் பெயர் அந்தச் சொல்லோடு தொடர்புடையதாகவே கருதப்பட்டது. அந்தக் குலத்தாரோ, பிரைனெஸ்தே ஊரை நிறுவிய கைக்குலுஸ் என்பவனின் வழி வந்தவர்கள் நாங்கள் என்று பெருமை பேசிக்கொண்டார்கள். பிறகு அந்தக் குலத்தில் பிறந்த அத்தனை பெண்களும் கைகிலியா. ரோமுக்கு வெளியே அப்பியா சாலையில் கோட்டைக் கொத்தளம் மாதிரி நிற்கிற கைகிலியா மெத்தெல்லாவின் கல்லறையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவளைக் கூப்பிட்டபோது யாருக்கும் கண் ஞாபகம் வந்திருக்காது, குடும்பம்தான் ஞாபகம் வந்திருக்கும்.

உங்கள் வீட்டில் அந்தப் பெயரை வைத்ததும் இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியாவை நினைத்துத்தான் இருக்கும். அப்படியானால் அந்தப் பெயருக்கு உங்கள் வீட்டில் அர்த்தம் பாட்டு. மாற்ற வேண்டாம்.

கிளாடியாவுக்கும் இதே பஞ்சாயத்து. 'கிளாவுதுஸ்' என்றால் நொண்டி. கிளாவுதியுஸ் பேரரசர் உண்மையிலேயே கால் விந்தி நடந்தவர், அதனால் பலர் அவரைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்துவிடுகிறார்கள். அது அவர் பிறப்பதற்குப் பல நூறு வருஷம் முன்பிருந்தே இருந்த குலப்பெயர். குலத்தின் மூலபுருஷன் என்று சொல்லப்படுகிறவர் கிளவுசுஸ் என்ற சபைன் இனத்துக்காரர்.

பவுலைக் கத்தோலிக்கர்கள் ஏன் சின்னப்பர் என்கிறார்கள்?

எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்த கேள்வி இது. 'பௌலுஸ்' என்றால் லத்தீனில் சின்னவன். அதை அப்படியே தமிழாக்கி 'அப்பர்' சேர்த்தால் சின்னப்பர். எங்கள் ஊர்ப் பக்கம் தெருவுக்கு ஒரு சின்னப்பன் இருப்பார். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தங்கள் பெயர் ஒரு ரோமானியப் பட்டப்பெயரின் மொழிபெயர்ப்பு என்று தெரியாது.

பவுல் எபிரேயப் பெயரான சவுலாகத்தான் முதலில் அறிமுகமாகிறார். திருத்தூதர் பணிகள் 13ஆம் அதிகாரத்தில், சைப்பிரஸ் தீவில், 'பவுல் எனப்பட்ட சவுல்' என்று பெயர் மாறுகிறது. அந்தக் காட்சியில் எதிரே இருக்கிற ரோமானிய ஆளுநர் பெயரும் செர்கியு பவுல்! மதம் மாறியதால் பெயர் மாறியது என்று பிரசங்கங்களில் சொல்வார்கள், அந்த அதிகாரத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அவர் ரோமானியக் குடியுரிமை உள்ளவர், அப்படிப்பட்டவருக்கு ஒரு லத்தீன் பெயரும் இருப்பது இயல்புதான்.

தமிழ்க் கத்தோலிக்கர்கள் இந்த மொழிபெயர்ப்பு வேலையைச் சின்னப்பரோடு நிறுத்தவில்லை. பெனடிக்ட் என்பது 'பெனெ' (நன்றாக), 'திக்துஸ்' (சொல்லப்பட்டவன்), சேர்த்தால் ஆசி பெற்றவன், தமிழில் ஆசீர்வாதப்பர், அங்கிருந்து ஆசீர்வாதம் என்ற பெயர். டொமினிக்கில் இருப்பது 'தொமினுஸ்', எஜமான், ஆண்டவன். அவர் இங்கே சாமிநாதர் ஆனார். லியோ என்றால் சிங்கம், ஆகவே சிங்கராயர். 2025 மே 8 அன்று தேர்வான பாப்பரசர் 14ஆம் லியோ என்ற பெயரை எடுத்துக்கொண்டபோது, நம்மூர்ச் சிங்கராயர்கள் எத்தனை பேர் 'அது நம்ம பேராச்சே' என்று சந்தோஷப்பட்டார்களோ தெரியாது, பட்டிருக்கலாம். பியுஸ் என்றால் பக்தி உள்ளவன், பாப்பரசர் பத்தாம் பியுஸ் தமிழில் பத்தாம் பத்திநாதர்.

இதில் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது அமலோற்பவம். 'மாக்குலா' என்றால் கறை, 'இம்மாக்குலாத்தா' கறையில்லாதவள். தமிழில் எடுத்துக்கொண்ட வடசொல்லைப் பாருங்கள்: மலம் என்றால் அழுக்கு, அமலம் அழுக்கில்லாதது. லத்தீனில் 'இம்' செய்கிற வேலையை இங்கே ஒற்றை 'அ' செய்கிறது. அதனோடு உற்பவம், கருவாதல். கறையில்லாமல் கருவானவள் என்ற இறையியல் சொற்றொடர் முழுவதையும் ஒரு பெண்பிள்ளையின் பெயருக்குள் அடைத்துவிட்டார்கள். அமலா, அமலி, அமலதாஸ் எல்லாம் அதன் கிளைகள். டோலரஸ் என்றால் வேதனைகள், மரியாளின் ஏழு துயரங்களைக் குறிப்பது, தமிழில் வியாகுலம். ரோசாரியோ ரோஜாத் தோட்டத்திலிருந்து செபமாலைக்கு வந்த சொல், தமிழில் ஆளின் பெயரே செபமாலை.

எல்லாத் தமிழ்ப் பெயரும் இப்படி நேர் மொழிபெயர்ப்பு என்று நினைத்துவிடாதீர்கள். புனித அலோசியஸ் கொன்சாகாவைத் தமிழில் ஞானப்பிரகாசியார் என்கிறார்கள். அலோசியஸ் என்பது லூயிஸின் மறுவடிவம், ஜெர்மானியம், போரில் புகழ் பெற்றவன் என்ற அர்த்தம். ஞானத்துக்கும் பிரகாசத்துக்கும் அங்கே வேலையே இல்லை. அருளப்பர், அருளானந்தர் இரண்டும் ஜானுக்குப் பொருத்தமான மொழிபெயர்ப்புதான், ஆனால் மூலம் எபிரேயம், 'கடவுள் அருள் கூர்ந்தார்'.

1995இல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் பவுல், யோவான் என்றுதான் இருக்கும். சின்னப்பரும் அருளப்பரும் விவிலியத்தை விட்டு இறங்கிக் கோயில் பெயர்களிலும் தாத்தாக்கள் பெயர்களிலும் தங்கிவிட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

வீரமாமுனிவர் பெயரும் இப்படித்தானா?

அவருடைய முதல் தமிழ்ப் பெயர் இப்படித்தான். இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680இல் பிறந்த கொன்ஸ்தான்சோ ஜியுசெப்பே பெஸ்கி. 'கொன்ஸ்தான்ஸ்' என்றால் உறுதியாக நிற்கிறவன், கான்ஸ்டன்டைன் பேரரசர் பெயரிலும் அந்தச் சொல்தான். அதைத் தமிழாக்கித் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். தைரியம் வடமொழி என்பதால் பிறகு வீரமாமுனிவர் ஆனார் என்று சொல்வது வழக்கம். பெயரின் இரண்டாம் பாதியான ஜியுசெப்பே, அதாவது ஜோசப், அவர் பாடிய தேம்பாவணியில் வளன் ஆகிறது. எபிரேயத்தில் ஜோசப்புக்கு 'அவர் மேலும் சேர்ப்பார்' என்று பொருள், வளம் பெருகுவது என்று எடுத்துக்கொண்டால் வளன். மேலே சொன்ன அலோசியஸ் கொன்சாகா பிறந்ததும் இதே காஸ்திலியோனேதான்.

அந்தோணி என்றால் 'விலைமதிப்பற்றவர்' என்று எல்லாப் பெயர்ப் பட்டியலிலும் இருக்கிறதே, உண்மையா?

ஆதாரம் இல்லை. அந்தோனியுஸ் என்ற ரோமானியக் குலப்பெயருக்கு என்ன அர்த்தம் என்று ரோமானியர்களுக்கே தெரியாது, இத்தாலியின் பழைய மொழியான எத்ருஸ்கனிலிருந்து வந்திருக்கலாம் என்பது அறிஞர்களின் ஊகம். மார்க் அந்தோணியின் குடும்பம், ஹெர்குலிஸின் மகன் அந்தோன் என்பவன் வழியில் வந்தவர்கள் நாங்கள் என்று ஒரு கதை கட்டிவைத்திருந்தது. பிற்காலத்தில் யாரோ கிரேக்கத்தில் 'அந்தொஸ்' என்றால் பூ என்பதைப் பார்த்து, பெயரும் அதிலிருந்து வந்தது என்று முடிவுகட்டி, ஆங்கில எழுத்துக்கூட்டலில் நடுவே ஒரு 'h' எழுத்தைக் கூடுதலாகச் செருகிவிட்டார்கள். இப்போது பட்டியல்களில் பூ என்றும் போடுகிறார்கள்.

உவரியிலும் கச்சத்தீவிலும் கோயில் கொண்டிருக்கிற பதுவைப் புனிதர் பிறந்தபோது அந்தோணி அல்ல. 1195இல் லிஸ்பனில் பிறந்த பெர்னாண்டோ அவர். பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோது எகிப்துப் பாலைவனத் துறவி அந்தோணியின் பெயரை எடுத்துக்கொண்டார். பெர்னாண்டோ ஜெர்மானியப் பெயர். தூத்துக்குடியில் யாராவது அந்தோணி பெர்னாண்டோ என்று இருந்தால், அவர் அந்தப் புனிதரின் இரண்டு பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறார்.

இன்னாசி என்பது நெருப்பா?

கேட்டால் நெருப்பு மாதிரித்தான் இருக்கிறது, 'இக்னிஸ்' என்றால் லத்தீனில் தீ, நம் அக்னியின் உறவுக்காரச் சொல். ஆனால் மூலப்பெயர் எக்னாத்தியுஸ், பழைய குலப்பெயர், அர்த்தம் தெளிவில்லை. தீயோடு ஒலி ஒத்துப்போனதால் எழுத்தை அதற்கேற்பத் திருத்தி இக்னாத்தியுஸ் ஆக்கினார்கள். இயேசு சபையை நிறுவிய லொயோலா ஊர் இன்னாசியாருக்கோ பிறந்தபோது வைத்தது இஞ்ஞிகோ என்ற பெயர், அது வேறு, இது வேறு. போர்த்துக்கேயர் இதை இனாசியோ என்றார்கள், தமிழில் இஞ்ஞாசியார், இன்னாசி, இன்னாசிமுத்து.

வேர்ச்சொல் தவறு என்பதால் நெருப்பு அர்த்தத்தைத் தூக்கி எறிய வேண்டுமா? ஆயிரத்துச் சொச்சம் வருஷமாக மக்கள் அந்தப் பெயரில் தீயைக் கேட்டுவந்திருக்கிறார்கள். 'தீ என்று கருதப்பட்ட பெயர்' என்று சொன்னால் நேர்மையாகவும் இருக்கும், அழகும் போகாது. பியாட்ரிஸும் இப்படித்தான். முதலில் வியாத்ரிக்ஸ், வழிநடப்பவள், பயணி. பிறகு 'பெயாத்துஸ்', பேறுபெற்றவன் என்ற சொல் காதில் விழுந்து 'வி' போய்ப் 'பி' வந்தது.

சேவியர் லத்தீனா? பிரான்சிஸ்?

சேவியர் இல்லவே இல்லை. பாஸ்க் மொழியில் 'எச்சே பெர்ரி', புது வீடு. அது புனித பிரான்சிஸ் சேவியர் பிறந்த கோட்டையின் பெயர். சவேரியார், சவரிமுத்து, சவரிராயன், சவரியாயி என்று நம் கடற்கரை முழுக்கப் பரவிய பெயரின் அர்த்தம் புதுவீடுதான்.

பிரான்சிஸ் பாதி லத்தீன். பிராங்க் என்ற ஜெர்மானிய இனத்தின் பெயரிலிருந்து லத்தீனில் உண்டான 'பிரான்கிஸ்குஸ்', அதாவது பிரெஞ்சுக்காரன். அசிசியில் துணி வியாபாரியின் மகனாகப் பிறந்தவருக்குத் தாய் கொடுத்த ஞானஸ்நானப் பெயர் ஜொவான்னி. பிரான்ஸோடு வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்த அப்பா ஊர் திரும்பி வந்து பிரான்செஸ்கோ என்று கூப்பிட ஆரம்பித்தார். அதே பிராங்க் என்ற சொல்தான் அரபு, பாரசீகம் வழியாக 'பரங்கி' ஆகி நம்மிடம் வந்தது. பிரான்சிஸும் பரங்கிமலையும் பரங்கிக்காயும் ஒரே வேர் என்றால் நம்புவீர்களா!

செபஸ்தியான், அகஸ்டின் இரண்டும் ஒரே அர்த்தமா?

கிட்டத்தட்ட. கி.மு. 27இல் ஒக்டேவியனுக்கு ரோம் செனட் 'அவுகுஸ்துஸ்' என்ற பட்டம் கொடுத்தது, போற்றத்தக்கவர் என்ற மாதிரி. ஆகஸ்டு மாதம் அவர் பெயரில்தான். அகஸ்டின் அந்தப் பட்டத்தின் செல்ல வடிவம். கிழக்கே கிரேக்கம் பேசியவர்கள் பட்டத்தை மொழிபெயர்த்து 'செபஸ்தோஸ்' என்றார்கள், அவர் நினைவாகச் சில நகரங்களுக்குச் செபஸ்தே என்று பெயர் வைத்தார்கள், ஏரோது சமாரியாவுக்கு வைத்ததும் அதுதான். செபஸ்தே ஊர்க்காரன் செபஸ்தியான். ஆக இது கிரேக்கப் பெயர், ஆனால் கருத்து லத்தீனில் பிறந்தது.

அகஸ்டினின் தாய் மோனிக்காவை 'அறிவுரை சொல்பவள்' என்று பட்டியல்கள் சொல்லும். லத்தீனில் 'மொனேரே' அறிவுரை சொல்வது என்பது சரி. ஆனால் அவர் வட ஆப்பிரிக்காக்காரர், பெயரும் அந்த மண்ணுக்குரியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வெளிச்சம் என்று பொருள் வரும் பெண் பெயர்?

லூசியா. 'லுக்ஸ்' என்றால் ஒளி, ஆண்பால் லூக்கியுஸ். கண்ணுக்குப் பாதுகாவலி என்று புனித லூசியாவைச் சொல்வதற்குப் பெயரும் ஒரு காரணம். கிளாரா: தெளிவான, பிரகாசமான, பிறகு புகழ்பெற்ற.

ஸ்டெல்லா, நட்சத்திரம். இதற்குப் பின்னால் ஒரு எழுத்துப்பிழை இருக்கிறது என்று பரவலாகச் சொல்வார்கள். மரியாள் என்ற எபிரேயப் பெயரைக் 'கடல் துளி' என்று பிரித்து, விவிலியத்தை லத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோம் 'ஸ்தில்லா மாரிஸ்' என்று எழுதினார், படியெடுத்தவர்கள் 'ஸ்தெல்லா மாரிஸ்' ஆக்கினார்கள், துளி விண்மீனாகிவிட்டது. சென்னையில் 1947இல் தொடங்கிய ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியின் பெயரில் இருப்பதும் அந்தக் கடல் விண்மீன்தான்.

பெலிக்ஸ், விக்டர், வின்சென்ட், ரெஜினா?

சுருக்கமாக முடித்துவிடலாம், இவற்றில் மர்மம் ஒன்றும் இல்லை. பெலிக்ஸ்: அதிர்ஷ்டசாலி, மகிழ்ச்சியானவன். ரோமைச் சர்வாதிகாரியாக ஆண்ட சுல்லா இதைத் தனக்குத்தானே பட்டமாகச் சூட்டிக்கொண்டார். விக்டர், விக்டோரியா: வென்றவன், வெற்றி. வின்சென்ட்: வென்றுகொண்டிருப்பவன். விக்டர் ஜெயித்து முடித்துவிட்டார், வின்சென்ட் இன்னும் களத்தில் இருக்கிறார். ரெஜினா: அரசி. கிளெமென்ட்: சாந்தமானவன். ஜஸ்டின்: நீதிமான். சில்வியா, சில்வெஸ்டர்: காடு. மார்ட்டின்: போர்த்தெய்வம் மார்ஸுக்கு உரியவன். மெரினா: கடலுக்குரியவள், நம் கடற்கரைக்கு 1880களில் கிராண்ட் டஃப் என்ற ஆளுநர் வைத்த பெயரும் இத்தாலி வழியாக வந்த இந்தச் சொல்தான்.

சில்வா, பெரேரா, குரூஸ், மிராண்டா?

1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது போர்த்துக்கேயக் குடும்பப் பெயர்களும் கூடவே வந்தன, இலங்கையில் இன்னும் அதிகமாக. போர்த்துக்கேயம் லத்தீனின் பிள்ளை, அதனால் பல பெயர்களைச் சுரண்டினால் லத்தீன் தெரியும். சில்வா, காடு. கோஸ்டா, விலா எலும்பு என்ற சொல் பக்கம் ஆகி, கரை ஆனது. பெரேரா, பேரி மரம். பேரிக்காய் என்று நாம் சொல்வதும் போர்த்துக்கேயர் தந்த 'பேரா'தான். குரூஸ், சிலுவை. தூத்துக்குடிக்குக் குடிநீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்து பெயரில் இருப்பது அது. தமிழில் சிலுவை என்றே பெயர் உள்ளவர்கள் இருக்கிறார்கள், சிலுவை என்ற சொல் சிரியாக் மொழியிலிருந்து வந்தது.

மிராண்டா இரண்டு வழியில் வரும். குடும்பப் பெயராக வந்தால் ஐபீரியாவில் உள்ள ஊர்ப்பெயர். பெண் பெயராக வந்தால் ஷேக்ஸ்பியர், தன் புயல் நாடகத்துக்காக 'மீராரி', வியத்தல் என்ற சொல்லிலிருந்து உண்டாக்கியது. நம் 'தக்க' மாதிரி லத்தீனில் 'அந்தா' என்று ஒரு விகுதி. மிராண்டா வியக்கத்தக்கவள், அமாண்டா அன்புகொள்ளத்தக்கவள்.

சீசர் வயிற்றைக் கிழித்துப் பிறந்ததால்தான் சிசேரியன் என்கிறார்களாமே?

வெட்டுதல் என்ற சொல்லிலிருந்து பெயர் வந்தது, ஆதி சீசர் ஒருவர் அப்படிப் பிறந்தார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். நாம் அறிந்த ஜூலியஸ் சீசர் அப்படிப் பிறந்திருக்க முடியாது. அந்தக் காலத்தில் தாய் இறந்தால்தான் வயிற்றைக் கிழிப்பார்கள், அவருடைய தாய் அவுரேலியாவோ மகனுக்கு 40 வயது தாண்டும்வரை உயிரோடு இருந்தார். அடர்ந்த முடி, யானை, நீலக்கண் என்று வேறு விளக்கங்களும் ரோமானியர்களிடமே புழங்கின.

ரோமானியர் வாயில் அது கைசர். சிசரோ கிகெரோ. 'ச' ஒலி பிற்கால லத்தீன் பேச்சில் வந்தது. ஜெர்மானியர் 'கைசர்' என்று பழைய உச்சரிப்பைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பழைய தமிழ் வேதாகமம் பெயரைப் போட்டே குழப்பிக்கொள்ளவில்லை, இராயனுடையதை இராயனுக்குக் கொடுங்கள் என்று முடித்துவிட்டது.

நோயல், நடாலி?

'நாத்தாலிஸ்', பிறப்புக்குரிய. கிறிஸ்து பிறந்த நாள். போர்த்துக்கேயத்தில் நத்தால், இலங்கைத் தமிழில் நத்தார். பிரெஞ்சில் நோயல். வாஸ்கோ ட காமா 1497 கிறிஸ்துமஸ் சமயத்தில் தென்னாப்பிரிக்கக் கரையைக் கண்டு நத்தால் என்று பெயர் வைத்தார், 1860இலிருந்து நம் ஆட்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறிப் போன நேட்டால் அதுதான்.

கிறிஸ்தவர் அல்லாத நாங்கள் லத்தீன் பெயர் வைக்கலாமா?

தாராளமாக. மேலே சொன்னவற்றில் பல, கிறிஸ்துவுக்கு முந்திய பெயர்கள். அரோரா (விடியல்), லூனா (நிலா), லாரா (வெற்றிமாலை கட்டும் இலை), ஸ்டெல்லா இதிலெல்லாம் மதம் ஒன்றும் இல்லை. ஆனால் தமிழில் எழுதிப் பார்த்து, வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். லூனா என்று வைத்தால் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட சொந்தக்காரர்கள் யாராவது ஒருவர் பெட்ரோல் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்காமல் விடமாட்டார், அந்த மொபெட் ஓட்டிய தலைமுறை இன்னும் இருக்கிறது.

பட்டியலில் போட்டிருக்கும் அர்த்தம் சரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்த அர்த்தம் தருகிற லத்தீன் சொல் எது என்று பட்டியல் சொல்கிறதா பாருங்கள். விக்டருக்கு 'வின்கெரே', வெல்வது என்று காட்டலாம், பெலிக்ஸுக்குச் சொல்லே அதுதான். அந்தோணிக்கு 'விலைமதிப்பற்றவர்' என்றால் அதற்கு எந்தச் சொல்லையும் காட்டமாட்டார்கள். இரண்டாவது, அது குலப்பெயரா என்று பாருங்கள். குலப்பெயர் என்றால் அர்த்தம் ரோமானியர் காலத்திலேயே மங்கிப்போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் வீட்டில் விசாரியுங்கள், பாட்டியின் பெயர் வியாகுலம் என்பதால் பேத்திக்கு டோலரஸ் என்று வைத்திருப்பார்கள், அது எந்தப் பட்டியலிலும் இருக்காது.